நிரலுக்குப் போகி கொண்டாடலாமா?

பொட்டி தட்டும் யாரிடமாவது ‘புது ப்ராஜெக்ட் வேணுமா, மெயின்டனன்ஸ் வேணுமா’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் என்னவாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெங்களூர், புனே, ஹைதராபாத், குர்காவ்ன் என்று எந்த ஊர் கேன்டீனில் காது கொடுத்தாலும் ‘மெயின்டனன்ஸ்ல மாட்டிக்கிட்டேன் மச்சி’ என்ற புலம்பல் கேட்கும். ஏதோ தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வந்த மாதிரி. அடுத்தவன் எழுதி வைத்த நிரலைப் படிப்பது, ஒட்டடை அடிப்பது, ஓட்டையை அடைப்பது எல்லாம் இரண்டாந்தர ஆணி என்று நம் துறையில் ஒரு நினைப்பு ஊறிப் போயிருக்கிறது.

இந்த நினைப்பு தப்பு என்று சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் வங்கி மென்பொருளோ ரயில்வே டிக்கெட்டோ இல்லை. விளையாட்டு. அதுவும் சம்பளம் இல்லாமல், ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து பராமரிக்கும் கட்டற்ற விளையாட்டுகள். சிரிக்காதீர்கள். நிரலைச் சுத்தம் செய்வது என்றால் என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இந்த விளையாட்டுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட அளவுக்கு நம் ஆபீஸ் ப்ராசஸ் கையேடுகள் எதுவும் சொல்லித் தருவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். சுத்தம் செய்வது வேறு, திரும்ப எழுதுவது வேறு. ‘இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதிடலாம்’ என்பது எல்லா ப்ரோக்ராமருக்கும் வாரம் ஒரு முறை வரும் ஆசை. ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000ல் நெட்ஸ்கேப்பை வைத்து இதைப் பற்றி எழுதியது பலரும் படித்ததுதான். நெட்ஸ்கேப் 4க்கு அடுத்து 6தான் வந்தது. 5 வரவே இல்லை. திரும்ப எழுதுகிறேன் என்று உட்கார்ந்த நேரத்தில் சந்தை கையை விட்டுப் போனது. (அந்த மறு எழுத்திலிருந்துதான் 2004ல் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப் என்ற கடை ஏறக்குறைய மூடியாகி விட்டது.)

சுத்தம் செய்வது என்பதற்கு மார்ட்டின் ஃபவுலர் 1999ல் தன் ரீஃபாக்டரிங் புத்தகத்தில் வைத்த வரையறையின் சாரம் இது: வெளியே தெரியும் நடத்தை மாறக்கூடாது, உள்ளே இருக்கும் அமைப்பு மட்டும் மாற வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘வெளியே தெரியும் நடத்தை’ என்பது எது வரைக்கும்? இங்கேதான் டூம் வருகிறது.

டூம்: வழுவும் ஆட்டத்தில் சேர்த்தி

1993 டிசம்பர் 10ல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் பற்றி அறிமுகம் தேவையில்லை. கல்லூரி லேபில் வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு தலைமுறையே திறந்த ஆட்டம் அது. 1997 டிசம்பர் 23ல் அதன் மூலநிரலை ஜான் கார்மாக் பொதுவில் வைத்தார். வெளியானது டாஸ் நிரல் இல்லை, லினக்ஸ் நிரல். டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நூலகம் வேறொருவருக்குச் சொந்தம், அதை வெளியிட உரிமை இல்லை. வெளியிடுவதற்கு முன்னால் நிரலை ஒழுங்குபடுத்தி, ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்தவர் பெர்ன்ட் க்ரைமையர். கார்மாக் அந்த நிரலோடு வைத்த குறிப்பிலேயே அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நாலு வருடம் தொடாமல் விட்ட நிரல் கெட்டுப் போகும், திரும்ப உயிர் கொடுக்க யாராவது மெனக்கெட வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பின் சாரம். ஆக, விளையாட்டு உலகின் மிகப் பிரபலமான மூலநிரல் வெளியீட்டுக்கு முதல் வேலையே ஒட்டடை அடிப்பதாகத்தான் இருந்திருக்கிறது.

முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற உரிமத்தோடு வந்தது, 1999ல் ஜிபிஎல்லுக்கு மாறியது. பிறகென்ன, ஆளாளுக்கு எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்கள். 1998லேயே டீம்டிஎன்டி குழுவின் பூம் வந்தது. அதிலிருந்து பிஆர்பூம் வந்தது. இன்னும் எத்தனையோ. எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இந்த நிரலைச் சுத்தமாக்க வேண்டும், பழைய வரம்புகளை உடைக்க வேண்டும், வழுக்களை நீக்க வேண்டும்.

வழுக்களை நீக்கியதும் என்ன ஆயிற்று? பழைய ‘டெமோ’க்கள் உடைந்தன.

டெமோ என்றால் ஆட்டத்தின் பதிவு. ஆனால் வீடியோ இல்லை. டூம் ஒரு நொடியை 35 துண்டாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்று நாலே பைட் மட்டும் எழுதி வைக்கும். முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தான். அவ்வளவுதான். ஒருவர் ஒரு நிமிடம் ஆடினால் 8,400 பைட். எதிரி எங்கே நின்றான், யார் செத்தார், எந்தக் கதவு திறந்தது என்று எதுவும் அதில் கிடையாது. திரும்பப் போடும்போது டூம் அந்த விசைகளை வைத்து முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து கணக்குப் போட்டு ஆடும். கணக்கில் எங்காவது ஓர் இம்மி பிசகினால் போச்சு. கதவு என்று நினைத்து ஹீரோ சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார், எதிரிகள் சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போவார்கள் :)

அப்படியென்றால் தற்செயல் எண்கள்? அவையும் தற்செயல் இல்லை. 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான அட்டவணை. கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கும், கடைசி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் நிரலைத் ‘தேவையில்லாத வரி’ என்று சுத்தம் செய்து அந்த அழைப்பில் ஒன்றைக் குறைத்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் ஒரு இடம் தள்ளிப் போகும். மொத்த ஆட்டமும் வேறு ஆட்டம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. மூலநிரலில் பல இடங்களில் ஒரு தற்செயல் எண்ணிலிருந்து இன்னொரு தற்செயல் எண்ணைக் கழிக்கும் ஒரு வரி வரும். துப்பாக்கி வைத்திருக்கும் எதிரி சுடும்போது குறி எந்தப் பக்கம் எவ்வளவு விலகும் என்று முடிவு செய்ய இதுதான். பி_ராண்டம் கழித்தல் பி_ராண்டம். பார்ப்பதற்கு அப்பாவி வரி. ஆனால் சி மொழியில் கழித்தல் குறியின் இடதுபக்கத்தை முதலில் கணக்கிட வேண்டுமா வலதுபக்கத்தையா என்று விதி எதுவும் கிடையாது. கம்பைலர் இஷ்டம். ஒரு கம்பைலரில் ஏழு கழித்தல் மூன்று என்று வருவது இன்னொன்றில் மூன்று கழித்தல் ஏழு ஆகிவிடும். குண்டு வலதுக்குப் பதில் இடதுக்குப் போகும். ஒரு வரியைக்கூடத் தொடாமல் கம்பைலரை மட்டும் மாற்றினாலே டெமோ உடையும்!

சரியான சுத்தம் எப்படி இருந்தது தெரியுமா? இதற்கென்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினார்கள். முதல் எண்ணை எடுத்து ஒரு மாறியில் வை, பிறகு இரண்டாவதைக் கழி. இரண்டே வரி. பூமின் வழித்தோன்றல்களிலும் சாக்லேட் டூமிலும் இன்று அதுதான் இருக்கிறது. இதைச் செய்தவருக்கு யாரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள். திரையில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. மாறாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

சாக்லேட் டூம் இதன் உச்சம். சைமன் ஹவர்ட் 2005ல் ஆரம்பித்தது. அதன் கொள்கை, பழைய டாஸ் டூம் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும், வழுக்கள் உட்பட. ஒரு காட்சியில் தரை, கூரைத் துண்டுகள் 128ஐத் தாண்டினால் பழைய டூம் படுத்துவிடும். சாக்லேட் டூமும் அந்த வரம்பை வைத்திருக்கிறது. இன்னொன்று இதைவிட வேடிக்கை. ஒரு கோடு எந்தெந்தப் பொருளைக் குறுக்கே வெட்டுகிறது என்று குறித்து வைக்கும் பட்டியலில் அளவுக்கு மேல் சேர்ந்தால், பழைய டூம் பக்கத்து நினைவகத்தில் எழுதித் தொலைக்கும். அதன் விளைவாகச் சுவருக்குள் புகுந்து நடக்கும் நிலை கூட வரும். நவீன கணினியில் அந்தப் பக்கத்து நினைவகத்தில் அதே பொருட்கள் இருக்காது அல்லவா? அதனால் 1993ன் நினைவகத்தில் எதற்கு அடுத்து எது இருந்தது என்று அட்டவணை போட்டு, வழிந்து போனால் எதைக் கெடுத்திருக்கும் என்று பாவனை செய்து காட்டுகிறார்கள். வழுவைப் பத்திரமாகப் பாதுகாக்க எழுதிய சுத்தமான நிரல்!

பிஆர்பூம் வழி வந்தவர்கள் வேறு பாதையில் போனார்கள். வழுவைத் திருத்து, ஆனால் பழைய நடத்தைக்கு ஓர் எண் கொடுத்து வை. டூம் 1.9 போல ஆட வேண்டுமா, ஓர் எண். பூம் போல ஆட வேண்டுமா, வேறோர் எண். டெமோ போடுகிறவர் எண்ணைச் சொன்னால் நிரல் அந்தக் காலத்து ஆளாக நடிக்கும். இரண்டு பாதையும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: பழைய நடத்தை யாருக்கோ தேவைப்படும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஓர் இடம் ஒதுக்குவது.

போகியும் வீட்டுப் பத்திரமும்

போகியன்று கிழிந்த பாயை எரிக்கலாம். பாய்க்கு அடியில் பாட்டி ஒளித்து வைத்த வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து எரித்துவிட்டு ‘வீடு பளிச்னு ஆயிடுச்சு’ என்று நிற்கக்கூடாது. நிரலில் இந்தப் பத்திரம் பெரும்பாலும் அசிங்கமான வடிவத்தில்தான் இருக்கும்.

ஓப்பன்டிடிடியைப் பாருங்கள். க்ரிஸ் சாயர் 1995ல் வெளியிட்ட ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ் பெரும்பகுதி அசெம்ப்ளியில் எழுதப்பட்டது. லுட்விக் ஸ்ட்ரிகியுஸ் அதை அக்கு அக்காகப் பிரித்து சி மொழிக்கு மாற்றி 2004ல் வெளியிட்டதுதான் ஓப்பன்டிடிடி. பிறகு சி++க்குப் போனது. 2010 ஏப்ரலில் 1.0 வந்தபோது சொந்தமான கட்டற்ற படங்களும் ஒலிகளும் சேர்ந்து, மூல ஆட்டத்தின் கோப்புகள் இல்லாமலே ஆட முடிந்தது. 2018ல் கிட்ஹப்புக்கு வந்தது. ரயில் தண்டவாளம் போடும் ஆட்டத்துக்கு இவ்வளவு நீண்ட வாழ்க்கை.

அந்த நிரலில் ஆஃப்டர்லோட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்ததும் ஓடுவது. ஆயிரக்கணக்கான வரிகள். உள்ளே போனால் திரும்பத் திரும்ப ஒரே கதை: சேமிப்புப் பதிப்பு இந்த எண்ணுக்கு முந்தியது என்றால் இதைச் செய், அந்த எண்ணுக்கு முந்தியது என்றால் அதைச் செய். பதிப்பு எண்கள் முந்நூறைத் தாண்டிவிட்டன. காலேஜ் ப்ராஜெக்ட் வைவாவில் இப்படி ஒரு ஃபங்ஷனைக் காட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ‘கோட் ஸ்மெல்’, ‘சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி’ என்று எல்லாக் கெட்ட வார்த்தையும் அதற்குப் பொருந்தும்.

ஆனால் அதில் ஒவ்வோர் ‘இஃப்’புக்கும் பின்னால் யாரோ ஒருவர் பல ராத்திரி கண்விழித்துக் கட்டிய ரயில் பாதை இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் சேமித்த ஊரை இன்றைக்குத் திறந்தால் ரயில் ஓட வேண்டும். ஓடுகிறது. அந்த அசிங்கம்தான் வாக்குறுதி. அதைக் ‘க்ளீன்’ செய்கிறேன் என்று பழைய பதிப்புகளை வெட்டினால் நிரல் அழகாகும், வாக்குறுதி போய்விடும். நம்மூர்க் கோயில்களில் மணல் வீச்சால் கல்லைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்தை மழுங்கடித்த கதைதான்.

அதே ஓப்பன்டிடிடியில் இன்னொரு பாடமும் உண்டு. பலர் சேர்ந்து ஆடும்போது ஒவ்வொருவர் கணினியும் முழு உலகத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடும். வலையில் போவது கட்டளைகள் மட்டுமே. டூம் டெமோ மாதிரியேதான். ஒரு கணினியில் ஒரு கணக்கு மாறினால் ‘டீசிங்க்’, தூக்கி வெளியே போட்டுவிடும். இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நிரலோடு ஒரு தனி ஆவணமே வைத்திருக்கிறார்கள். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த பிட் எதைக் குறிக்கிறது என்று இன்னோர் ஆவணம். என்னைக் கேட்டால் ஒரு நிரலை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, ஃபங்ஷன் நீளத்தை அளப்பதைவிட இந்த மாதிரி ‘ஏன்’ என்று சொல்லும் ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

அப்போ தொடவே கூடாதா?

இதுவரை படித்தவர்கள் ‘சரி, ஓடுற வண்டியை நோண்டாதேங்கறே’ என்று முடிவுக்கு வந்திருந்தால், அதுவும் தப்பு. தொடாமல் விட்ட நிரல் அப்படியே இருக்காது. நிரல் மாறவில்லை என்றாலும் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. கம்பைலர் மாறும், 32 பிட் 64 ஆகும், கீழே இருக்கும் நூலகம் காலாவதியாகும். எதையும் மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்த சாக்லேட் டூமே 2017ல் 3.0 பதிப்பில் எஸ்டிஎல் 1.2ஐ விட்டு எஸ்டிஎல் 2க்கு மாற வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் நிற்பதற்கும் ஓட வேண்டும்.

நெட்ஹேக் இதற்கு இன்னொரு சாட்சி. 1987லிருந்து வரும் ஆட்டம். 3.4.3 பதிப்பு 2003 டிசம்பரில் வந்தது. அடுத்த பதிப்பான 3.6.0 வந்தது 2015 டிசம்பரில். 12 வருடம்! இடையில் ஆட்டம் சாகவில்லை. ஆளாளுக்குப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் யுன்நெட்ஹேக், நெட்ஹேக்4 என்று வளர்த்தார்கள். அதில் நெட்ஹேக்4காரர்கள் முக்கியமாகச் செய்தது நிரலைச் சுத்தம் செய்வதுதான். மூலக் குழு மௌனமாக இருந்தால் ஊர் தனிக்குடித்தனம் போய்விடும் என்பதற்கு இது உதாரணம்.

3.6க்குப் பிந்தைய வேலையில் நெட்ஹேக் குழு செய்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. எண்பதுகளின் பழைய பாணியில் எழுதிய ஃபங்ஷன் அறிவிப்புகளை எல்லாம் இன்றைய சி பாணிக்கு மாற்றினார்கள். அங்கங்கே சிதறிக் கிடந்த குளோபல் மாறிகளை ஒரு கட்டமைப்புக்குள் திரட்டினார்கள். நிலவறைகளை வரையறுக்க வைத்திருந்த தனி மொழியையும் அதன் கம்பைலரையும் தூக்கிவிட்டு லுவாவைக் கொண்டுவந்தார்கள். ஆடுகிறவருக்கு இதில் பாதி கண்ணிலேயே படாது. ஆனால் 2024ல் வெளியான சி23 தரத்தில் அந்தப் பழைய அறிவிப்புப் பாணி மொழியிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. இவர்கள் வீட்டை இடிக்க நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே அஸ்திவாரத்தை மாற்றிவிட்டார்கள். இதுதான் மெயின்டனன்ஸ். இதை இரண்டாந்தர வேலை என்று யாராவது சொன்னால் ஒரு மாதம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

டி-ஷர்ட்டுக்காகச் சுத்தம்

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2020 அக்டோபர். டிஜிட்டல்ஓஷன் வருடா வருடம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்டில் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட். நம் நாட்டு யூட்யூப் சேனல் ஒன்று, எப்படி அனுப்புவது என்று காட்ட ரீட்மீ கோப்பில் ஓரிரு வார்த்தை சேர்த்துக் காட்டியது. அவ்வளவுதான், மடை திறந்த வெள்ளம். ‘அமேசிங் ப்ராஜெக்ட்’ என்று தலைப்பில் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது என்று உலகத்தில் இருக்கும் கட்டற்ற திட்டங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் பேட்ச்கள் போய்க் குவிந்தன. சில நாளிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. உலகமே நம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கேம்பஸ் இன்டர்வ்யூவில் ‘கிட்ஹப் ப்ரொஃபைல் இருக்கா’ என்று கேட்கிறோம். கல்லூரியிலோ நாலு வருடத்தில் அடுத்தவர் எழுதிய நிரலை உட்கார்ந்து படிக்க ஒரு பாட வேளை கூடக் கொடுப்பதில்லை. எல்லாம் ‘எழுது, எழுது’தான். லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை எத்தனை ஆயிரம் பேர் முதலிலிருந்து எழுதியிருப்பார்கள்! அதில் ஒருவர்கூட சீனியர் செட் எழுதியதை வாங்கி மேம்படுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. மார்க் கிடைக்காதே. வேலைக்கு வந்தபின்னும் அப்ரைசலில் ‘புதுசா என்ன பண்ணினே’ என்றுதான் கேள்வி. ‘எதை உடையாம பாத்துக்கிட்டே’ என்று யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, சுத்தம் என்றால் காற்புள்ளி நகர்த்துவது என்று அவர்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

இப்போது டி-ஷர்ட்டுக்குப் பதிலாக இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் எந்த நிரலையும் நிமிடத்தில் அழகாக அடுக்கிப் பேட்ச் ஆக்கிக் கொடுக்கிறது. தயாரிக்க ஒரு நிமிடம். அந்தக் கழித்தல் வரி எங்கே மாறியிருக்கிறது என்று தேட, மறுமுனையில் இருப்பவருக்கு ஒரு ராத்திரி. எழுதும் செலவு குறைந்திருக்கிறது, படிக்கும் செலவு அப்படியே இருக்கிறது. அந்தச் செலவு முழுக்க மெயின்டெய்னர் தலையில்.

ஆகவே நிஜமாகவே உதவ நினைக்கிறவர்களுக்கு, என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்:

1. முதலில் ஆடுங்கள். நிரலைக் கம்பைல் செய்து, பத்து மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். ஆடாதவருக்கு எது நடத்தை, எது வழு என்று தெரியாது.

2. உருவத்தை மாற்றும் கமிட் வேறு, நடத்தையை மாற்றும் கமிட் வேறு. இரண்டையும் கலந்தால் ஆறு மாதம் கழித்து கிட் பைசெக்ட் போடுகிறவர் நானூறு வரிக்குள் ஒரு கழித்தல் குறியைத் தேடிச் சாவார்.

3. முழுக் கோப்பையும் ஒரேயடியாக அலைன்மென்ட் மாற்றாதீர்கள். கிட் ப்ளேம் போட்டால் எல்லா வரிக்கும் உங்கள் பெயர் வரும், அந்த வரி ஏன் வந்தது என்ற கதை மறைந்துபோகும். செய்தே ஆக வேண்டும் என்றால் தனிக் கமிட்டாகச் செய்து, ப்ளேம் அதைத் தாண்டிப் போகும்படி குறித்து வையுங்கள். 2019ல் வந்த கிட் 2.23லிருந்து அந்த வசதி இருக்கிறது.

4. புரியாத வரியை அழிக்காதீர்கள். ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் அந்தப் பதிலை வரிக்கு மேலே கமெண்டாக எழுதி அனுப்புங்கள். அதைவிட நல்ல முதல் பேட்ச் கிடையாது.

5. பழைய டெமோ, பழைய சேமிப்புக் கோப்பு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் சோதனைகள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். யூனிட் டெஸ்ட் இல்லை என்று குறைப்படும் நேரத்தில் இதைச் செய்யலாம்.

யார் வீட்டு வேலை?

‘வெறும் விளையாட்டுக்கு எதுக்குய்யா இத்தனை அலட்டல்’ என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ பின்வாசல் வைத்தது வெளியே தெரிந்தது நினைவிருக்கும். எத்தனையோ லினக்ஸ் கணினிகளில் இருக்கும் மென்பொருள், பராமரித்தது நடைமுறையில் ஒரே ஒருவர். களைத்துப் போயிருந்த அவரிடம் ‘நான் உதவுகிறேன்’ என்று வந்து, வருடக்கணக்கில் நல்லபிள்ளையாகப் பேட்ச் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பின்வாசல் கண்ணில் பட்டது, ஒரு பொறியாளர் அரை நொடித் தாமதத்தைக்கூட விடாமல் துருவிப் பார்த்ததால். அந்தக் களைப்பும் அந்தத் தனிமையும் விளையாட்டுத் திட்டங்களிலும் அதேதான். அங்கே பணயத்தில் இருப்பது ஒரு டெமோவோ ஒரு ரயில் பாதையோ. இங்கே சர்வர். பராமரிப்பவரைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் நாட்டில் ப்ரோக்ராமர்களுக்குப் பஞ்சமில்லை. பிறர் எழுதிய பழைய நிரலைக் கட்டிக் காப்பதுதான் நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. அதாவது இந்த வேலையில் உலகத்திலேயே அதிகப் பயிற்சி உள்ளவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் ஒளித்து வைக்கிறோம், ரெஸ்யூமில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று பெயர் மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கைப்பழக்கத்தை, வாரத்தில் இரண்டு மணி நேரம், பிடித்த ஒரு விளையாட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். புது அம்சம் எதுவும் வேண்டாம். திறந்து கிடக்கும் வழுப் பட்டியலில் பத்தை எடுத்து, இன்னும் வருகிறதா என்று சோதித்து எழுதினாலே போதும். மறுமுனையில் இருப்பவர் மனசுக்குள் கும்பிடுவார்.

அந்த இரண்டு வரி ஃபங்ஷனை எழுதியவரும் இந்த மாதிரி ஏதோ ஒரு சாயங்காலத்தில்தான் எழுதியிருப்பார். தொண்ணூறுகளில் யாரோ ஆடி வைத்த ஆட்டத்தை இன்றைக்குப் போட்டால், குண்டு அன்றைக்குப் போன பக்கமே போகிறது.

டிஸ்கி: பழைய சேமிப்புக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போகிக்கு அழித்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு மெயின்டெய்னருக்கு அது சோதனைக்கு உதவும் :)